பூனையின்மைச் சான்று

மாரண்டஹள்ளி பூங்காவனம் நகரில் ஒருவர் வாடகைக்குக் குடிவர மூன்று சம்மதம் வேண்டும். வீட்டுச் சொந்தக்காரர் சம்மதிக்க வேண்டும். பூங்காவனம் நகர் வீட்டு உரிமையாளர்கள் நலச் சங்கம் சம்மதிக்க வேண்டும். சங்கத்தின் தலைவர் பெரியண்ணன் சம்மதிக்க வேண்டும். பின்னவை இரண்டும் ஒன்றுதானே என்று கேட்கிறவர்கள் எந்தச் சங்கத்திலும் இருந்து பார்க்காதவர்கள்.

சுகுணா அப்படிப் பார்க்காதவள். கிராம சுகாதார செவிலியர் வேலை. காரிமங்கலம் பக்கத்திலிருந்து மாறுதலாகி வந்திருந்தாள். கணவன் கோவிந்தன் திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவான். மற்ற நாட்களில் அவளோடு இருந்தது களி.

களி என்பது பூனை. ராகிக் களியின் நிறம். வெயிலில் சுருண்டு படுத்துவிட்டால் உருவமும் களி உருண்டைதான். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு தடுப்பூசி நாளில், குழந்தைகளின் அலறலுக்கு நடுவே பீரோவுக்கு அடியிலிருந்து இன்னொரு அலறலும் வர, குனிந்து பார்த்து எடுத்த குட்டி. பகலெல்லாம் ஊர் ஊராகப் போய் அடுத்தவர் பிள்ளைகளை எடை போட்டுவிட்டு வரும் பெண்ணுக்கு, கதவைத் திறந்ததும் "ஏன் இவ்வளவு நேரம்?" என்று அதட்ட ஒரு உயிர் வேண்டியிருந்தது. களி தவறாமல் அதட்டும். அது இல்லாத வீட்டுக்குத் திரும்புவதைச் சுகுணாவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

வீடு தேடி அலைந்தாள். பதினோரு வீடு பார்த்தாள். பத்து வீட்டில் பூனை என்றதும் கதவு பாதி மூடியது. ஒரு வீட்டுக்காரர், "நாயி வெச்சுக்கங்க, காவலுக்கு ஆவும். பூனை இருந்தா வூடு நாறிப்போயிருங்க" என்றார். அவர் வீட்டு வரவேற்பறையில் ஆறு கோழிகள் அடைகாத்துக்கொண்டிருந்தன. இன்னொரு அம்மாள், "பூனை வளக்கற பொம்பளைங்க வூடு கூட்ட மாட்டாங்கன்னு எங்க ஆத்தா சொல்லும்" என்றபடி முகத்தில் ஒட்டிய ஒட்டடையை வழித்துச் சுவரில் தடவினாள். மற்றொருவர் காரணமே சொல்லவில்லை. பூனைக்காரி உட்கார்ந்த நாற்காலியை மட்டும் வாசலில் வைத்து இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். சுகுணா தெருமுனை திரும்பும்வரைகூட அவருக்குப் பொறுக்கவில்லை.

பதினோராவது ராமக்காள் வீடு. ராமக்காள் மாடியில் தனியாக இருந்தாள், கீழ்வீடு காலி. பூனையைப் பற்றிச் சொன்னதும் அவள் முகம் மாறவில்லை. குரல் மட்டும் தாழ்ந்தது.

"எனக்குப் பூனைன்னா ஒண்ணுமில்லம்மா. சங்கத்துக்குத்தான் ஆவாது. படிவம் ஒண்ணு குடுப்பாங்க. அதுல இல்லைன்னு எழுதிரு. யாரு வந்து பாக்கப் போறாங்க?"

படிவத்தில் நாற்பத்தொரு கேள்விகள் இருந்தன. பதினேழாவது கேள்வி: "வீட்டில் நாற்றம் தரும் பொருட்கள் உண்டா? (அ) கருவாடு (ஆ) பூனை (இ) இதர." சுகுணா பேனாவை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். எடை போடாமல் எடை எழுதக் கூடாது, ஊசி போடாமல் போட்டதாக எழுதக் கூடாது என்று பதினான்கு வருடம் பதிவேடு எழுதிப் பழகிய கை அது. பொய் எழுத வரவில்லை. அதை அவள் பெருமையாக நினைக்கவும் இல்லை. ஒரு குறையாகத்தான் நினைத்தாள். (ஆ)வுக்கு நேரே டிக் அடித்தாள்.

சங்கம் படிவத்தைப் படித்து முடிப்பதற்குள் அவள் குடிவந்துவிட்டாள். எட்டாம் நாள், விசாரணைக்கு வரச்சொல்லி நோட்டீஸ் வந்தது. அவளுக்கு ஒன்று, ராமக்காளுக்கு ஒன்று, மதில் சுவரில் ஒட்ட ஒன்று.

சங்க அலுவலகம் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருந்த அறை. வாசலில் "சுத்தமே சுகம்" என்று ஒரு பலகை. சுகம் என்ற சொல்லின்மேல் குளவி கூடு கட்டியிருந்தது. குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். டம்ளருக்குள் கொசுப்புழு ஒன்று குட்டிக்கரணம் அடிப்பதைச் சுகுணா பார்த்தாள். வேறு நாளாக இருந்தால் பானையைக் கவிழ்த்துத் தேய்க்கச் சொல்லியிருப்பாள். அன்றைக்கு டம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

நடு நாற்காலியில் தலைவர் பெரியண்ணன். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்தொரு வருடம் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது நிலக்கடலையும் புளியும் வாங்கி, வீட்டின் கீழ்த்தளத்தில் அடுக்கி, விலை ஏறும்வரை காத்திருப்பவர். வலப்பக்கம் செயலாளர் மாயவன், பத்திரம் எழுதுகிறவர். எதையும் எழுதிய பிறகே நம்புவார், எழுதிவிட்டால் எதையும் நம்புவார். இடப்பக்கம் காளியன், சங்கத்தின் நாற்றத் தடுப்பு உபகுழுத் தலைவர்.

பெரியண்ணன் தொண்டையைச் செருமினார்.

"இங்க பாரும்மா. சங்கம் பூனைக்கு எதிரி கிடையாது. எந்த உயிருக்கும் எதிரி கிடையாது. பூனை வளக்கறவங்க வூடு சுத்தமா இருக்காதுங்கறது எங்க அபிப்பிராயம் இல்ல. அனுபவம். அனுபவம்னா இங்க யாரும் பூனை வளத்தது கிடையாது. பூனை வளத்தவங்க வூட்டுக்குள்ள போனதும் கிடையாது. ஏன் போவல? நாறும்னு தெரியும், அதனால போவல. அப்ப அனுபவந்தானே?"

"ஆமாங்க, தலைவரே" என்றார் காளியன்.

"ஐயா, நான் தெனம் ரெண்டு தரம் வூடு தொடைக்கறேனுங்க" என்றாள் சுகுணா. "பூனைக்கு மண்ணுத் தட்டு வெச்சிருக்கேன். காலைல ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் மாத்தறேனுங்க. அதுவே போயிட்டு மூடி வெக்கும்."

"மூடி வெக்குதா?" பெரியண்ணன் மாயவனைப் பார்த்தார். "எழுதுங்க. மறைக்கிற பழக்கம் இருக்குது."

மாயவன் எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை நேரில் சோதனை என்று முடிவாயிற்று. நாறினால் இரண்டில் ஒன்று நடக்க வேண்டும். சுகுணா வீட்டைக் காலி செய்ய வேண்டும், அல்லது பூனையைச் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். சங்கம் அதைச் சாக்கில் கட்டி, பஞ்சப்பள்ளி அணைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும். சாக்கு சங்கச் செலவு என்று பெரியண்ணன் தாராளமாகச் சொன்னார்.

சனிக்கிழமை முழுக்கச் சுகுணா வீட்டைத் தேய்த்தாள். ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். ஸ்விட்ச் பெட்டிக்கு மேலே துடைத்தாள். களி மேசை மேல் உட்கார்ந்து, தானும் பங்களிப்பது போலத் தன்னைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

ஞாயிறு காலை மழை. தக்காளி மண்டித் தெரு சேறாகிக் கிடந்தது. அதன் வழியாக ஏழு பேர் வந்தார்கள், ஏழு பேரும் செருப்போடு உள்ளே வந்தார்கள். சோதனைக்குப் போகும்போது செருப்பைக் கழற்றக் கூடாது என்பது சங்கத்தின் வழக்கம். கழற்றினால் விருந்தாளி ஆகிவிடுவோமாம், விருந்தாளி வாயால் குறை சொல்ல முடியாதாம். கூடத்திலிருந்து சமையலறைக்கும், சமையலறையிலிருந்து படுக்கையறைக்கும், மறந்துபோனதைப் பார்க்க மறுபடி கூடத்துக்கும் நடந்தார்கள்.

மாயவன் தரையைக் குனிந்து பார்த்து எழுதினார்: "வீடெங்கும் மண் காணப்பட்டது. ஈரமாக இருந்தது."

"அது உங்க செருப்பு மண்ணுங்க" என்றாள் சுகுணா.

"யாரு மண்ணுன்னு சங்கம் கேக்கலம்மா. மண்ணு இருக்குதா, இல்லியா?"

இருந்தது.

கதவு மூலையில் ஒரு முடி கிடைத்தது. மாயவன் அதை உறையில் போட்டு ஒட்டி, சான்று எண் ஒன்று என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். தென்னந்துடைப்பத்தின் நார் அது. சுகுணா சொல்லிப் பார்த்தாள். உறையை ஒட்டியாகிவிட்டது என்றார்கள்.

களி ஜன்னல் திட்டில் உட்கார்ந்து முன்காலை நக்கிக்கொண்டிருந்தது. பிறகு பின்காலை. பிறகு வாலை நுனிவரை. ஏழு பேரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்கள்.

"அரைமணி நேரமா நக்கிக்கிட்டே இருக்குதே" என்றார் ஒருவர்.

"சுத்தமா இருந்தா எதுக்கு இவ்வளவு நேரம் நக்கணும்? அழுக்கு அவ்வளவு" என்றார் பெரியண்ணன். அவர் வாயில் வெற்றிலை இருந்தது. ஜன்னல் வழியாக வெளியே துப்பினார். முக்கால்வாசி வெளியே விழுந்தது.

கடைசியாக முகரும் கட்டம். காளியன் முன்னால் வந்தார். ஒவ்வொரு மூலையிலும் குனிந்து நீளமாக இழுத்தார். இழுத்துவிட்டு ஒவ்வொரு முறையும் தலைவரின் முகத்தைப் பார்த்தார். தலைவர் முகம் சுளித்தால் இவரும் சுளித்தார். சுகுணாவுக்கு இப்படிப்பட்ட மூக்குகள் பழக்கம். கொரோனா நாட்களில் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறாள்.

"அண்ணா, உங்களுக்கு மோப்பம் தெரியுதுங்களா?"

காளியன் மறைக்கவில்லை. "கொரோனால போனது கண்ணு, இன்னும் திரும்பல. டீயும் சுடுதண்ணியும் எனக்கு ஒண்ணுதான்."

"அதனாலதான் அவரப் போட்டிருக்குது" என்றார் பெரியண்ணன். "மூக்கு இருக்கறவன் அவனவன் ருசிக்குச் சொல்லுவான். இவருக்கு அந்தப் பாரபட்சமே வராது."

ஆனால் மூக்குள்ள இருவர் குழுவில் இருந்தார்கள். கேட்டதற்கு, பினாயில் வாசம்தான் வருகிறது என்று சொல்லிவிட்டார்கள். பெரியண்ணன் யோசித்துவிட்டுச் சொன்னார்: "வர்ற நாத்தத்தக் கழுவிறலாம். வராத நாத்தந்தான் ஆபத்து."

அதுவரை அடக்கி வைத்திருந்த சுகுணாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நாறுனாலும் குத்தம், நாறாட்டியும் குத்தமுங்களா? அப்ப நான் என்னதாங்க பண்றது?"

மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ராமக்காளுக்குப் பொறுக்கவில்லை. அந்த அம்மாள் சங்கத்தை எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. ஏதோ பொருத்தமாகச் சொல்வதாக நினைத்துச் சொன்னாள். "ஏங்க, பூனை இல்லாத வூடு ஒண்ணையும் மோந்து பாத்துட்டா, வித்தியாசம் தெரிஞ்சிருமில்லீங்க?"

பெரியண்ணனுக்கு அது பிடித்துவிட்டது. மார்பு ஒரு சுற்று விரிந்தது. "தாராளமா. என் வூட்டையே எடுத்துக்கங்க. பூங்காவனம் நகருக்கே மாதிரி வூடு. இருபத்திரண்டு வருசமா ஒரு பூனை காலு உள்ள பட்டது கிடையாது."

சோதனையை மாயவன் வகுத்தார். கடையில் ஒரே மாதிரி இரண்டு புதுத் துண்டு வாங்குவது. ஒன்றைச் சுகுணா வீட்டிலும், ஒன்றைத் தலைவர் வீட்டுக் கீழ்த்தளத்திலும் நான்கு நாள் போட்டு வைப்பது. பிறகு எடுத்து இரண்டு தூக்குப் போசிகளில் அடைத்து, மூடியில் ஒன்று, இரண்டு என்று சுண்ணாம்பால் எழுதுவது. எந்த எண் எந்த வீடு என்பது மாயவனுக்கு மட்டும் தெரியும். அதை எழுதி அரக்கு வைத்த உறைக்குள் போட்டுவிடுவார். பொதுக்குழு முகர்ந்து முடித்த பிறகுதான் உறை பிரியும். இவ்வளவு நேர்மையாக ஒரு காரியம் இந்த வட்டாரத்தில் நடந்ததில்லை என்று பெரியண்ணன் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

அந்த நான்கு நாளும் சுகுணாவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. துண்டை நாற்காலியில் விரித்துப் போட்டிருந்தார்கள். களி முதல் வேலையாக அதன்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. இறக்கிவிட்டால் மறுபடி ஏறியது. புதுத் துண்டு பூனைக்குப் போட்டது என்பது அதன் தீர்ப்பு. நான்கு நாளும் அது அங்கேதான் தூங்கியது.

பொதுக்குழு நாளன்று தண்ணீர்த் தொட்டியடியில் இருபத்தாறு பேர் கூடினார்கள். இங்கே சங்கத்தின் இன்னொரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். கூட்டம் தொடங்குமுன்பே அதன் மினிட்ஸ் எழுதப்பட்டு, எல்லோரும் கையெழுத்துப் போட்டு முடித்துவிடுவார்கள். பெரியண்ணன் கூட்டுறவில் கற்ற பாடம் அது. கூட்டம் முடிந்ததும் போண்டா வரும். போண்டா தின்ற கையால் கையெழுத்துப் போட்டால் நோட்டில் எண்ணெய் ஊறும். கை கழுவப் போகிறவன் திரும்பி வரமாட்டான். ஆகவே முதலில் கையெழுத்து, பிறகு கூட்டம், பிறகு போண்டா. ஒருமுறை எழுதியதை அடிக்கக் கூடாது, திருத்தக் கூடாது என்றும் ஒரு விதி. அதையும் போட்டவர் பெரியண்ணனே.

அன்றைய தீர்மானம் எண் பதினான்கு. வீட்டின் பெயரோ ஆளின் பெயரோ இருந்தால் பாரபட்சம் என்று பேச்சு வரும் என்பதால் பெரியண்ணன் அதைப் பொதுவாக எழுதச் சொல்லியிருந்தார். மாயவன் சத்தமாகப் படித்தார்:

"எந்தத் தூக்குப் போசி நாறுகிறதோ, அது எந்த வீட்டுத் துண்டோ, அந்த வீட்டில் பூனை உள்ளது என்றும், நாறாத வீட்டில் பூனை இல்லை என்றும் இச்சங்கம் ஏகமனதாக முடிவு செய்கிறது. பூனை இல்லாத வீட்டுக்குப் பூனையின்மைச் சான்று வழங்கப்படும். பூனை உள்ள வீட்டார் பதினைந்து நாளில் பூனையைச் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். தவறினால், வாடகைதாரராயின் வீட்டைக் காலி செய்ய வேண்டும். உரிமையாளராயின் சங்கப் பொறுப்பிலிருந்து விலக வேண்டும். இம்முடிவு இறுதியானது."

உரிமையாளராயின் என்ற வரி பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று சேர்த்தது. இருபத்தாறு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து தலைவருடையது. பெரிதாகவும் வளைவாகவும் இருந்தது.

ஒன்றாம் போசியைத் திறந்தார்கள். வரிசையாக முகர்ந்தார்கள். புதுத் துணி வாசம், கொஞ்சம் பினாயில், கொஞ்சம் வெயில். எவருக்கும் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாம் போசியைத் திறந்தார்கள்.

முதல் வரிசையில் இருந்தவர்கள் மூன்றாம் வரிசைக்குப் போனார்கள். ஒருவர் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு தொட்டிக்குப் பின்னால் ஓடினார். காளியன் இரண்டு போசிக்குள்ளும் மூக்கை விட்டுப் பார்த்து, "ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது" என்றார். பிறகு சுற்றியிருந்த முகங்களைப் பார்த்துவிட்டு, "ரெண்டாவது மோசம்" என்று திருத்திக்கொண்டார்.

பெரியண்ணன் எழுந்து வந்து போசிக்குமேல் குனிந்தார். குனிந்த வேகத்தில் நிமிர்ந்தார். முகத்தில் துக்கம் இருந்தது, துக்கத்துக்கு அடியில் மகிழ்ச்சி இருந்தது.

"ஐயையையே! பாத்தீங்களா? இதான் பூனை! நான் சொன்னனா இல்லியா? ஏம்மா, இந்த வூட்ல மனுசன் குடியிருப்பானா? இந்த நாத்தத்துல சோறு தின்னுட்டு, இதுக்குள்ளயே படுத்துத் தூங்கி எந்திரிச்சு வெள்ளையும் சொள்ளையுமா வெளிய வர்றதுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேணும்!"

சுகுணா தலை குனிந்து நின்றாள். அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. நம் வீடு இப்படித்தான் நாறுகிறதா? தினமும் அதற்குள்ளேயே இருப்பதால் நமக்குத்தான் தெரியவில்லையா? பத்து வீட்டுக்காரர்கள் சொன்னதும் உண்மைதானோ? அவமானம் காதுவரை சுட்டது. களியைச் சாக்கில் போட்டுக் கட்டும் கையை நினைத்தாள். கோவிந்தனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு வேலையை விட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

மாயவன் அரக்கை உடைத்து உறையைப் பிரித்தார். காகிதத்தைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். அவரே எழுதியதுதான், ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறது.

"எண் ஒன்று, ராமக்காள் அம்மா கீழ்வூடு. எண் ரெண்டு, தலைவர் வூடு."

மூன்றாம் வரிசைக்குப் போனவர்கள் தலைவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மாத்திக் குடுத்துட்டீங்களா, மாயவன்?" என்றார் பெரியண்ணன்.

"நான் எழுதுனா மாறாதுங்க, தலைவரே."

"என் வூட்ல பூனையே கிடையாதுய்யா! எலிதானே இருக்குது! கடலை மூட்டைக்குப் பின்னாடி எப்பவும் பத்து இருபது ஓடிக்கிட்டிருக்கும், ஒண்ணு ரெண்டு செத்துக் கிடக்கும். அது எல்லா வூட்லயும் இருக்கறதுதானே!"

"எலி வெச்சுக்கறதுக்கு நம்ம விதியில தடை இல்லீங்க" என்றார் மாயவன். "அதனால எலி கணக்குல வராது. நாறுனா பூனைன்னு தீர்மானம். நாறுது. பூனை இருக்குது."

"அடிச்சுட்டு வேற எழுதுய்யா."

"அடிக்கக் கூடாதுன்னு நீங்கதானுங்களே விதி போட்டீங்க. அதையும் அடிக்கறதுன்னா, அடிக்கலாம்னு ஒரு தீர்மானம் போடணும். அது அடுத்த கூட்டத்துலதான் ஆவும். அதுக்குப் பதினாறு நாள் இருக்குதுங்க."

மாயவன் ஒன்பது வருடமாகச் செயலாளர். தலைவர் பதவி காலியானால் விதிப்படி யார் அதில் உட்காருவார் என்பதை அவர் அங்கே சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

போண்டா வந்தது.

அடுத்த ஞாயிறு குழு தலைவர் வீட்டுக்குப் பூனை தேடப் போனது. செருப்போடுதான் போனார்கள். புளி மூட்டைகளை நகர்த்தினார்கள். கடலை மூட்டைகளை நகர்த்தினார்கள். எலிகள் நான்கு பக்கமும் ஓடின. செத்துக் காய்ந்த இரண்டும், செத்துக் காயாத ஒன்றும் கிடைத்தன. பூனை கிடைக்கவில்லை. மாயவன் எழுதினார்: "பூனை மறைத்து வைக்கப்பட்டுள்ளது. பூனைக்குத் தேவையான உணவு ஏராளமாக இருப்பு உள்ளது."

அதே வாரத்தில் சுகுணாவுக்குச் சான்று வந்தது. சங்க முத்திரை, எண், தேதி எல்லாம் இருந்தன. "மேற்படி வீட்டில் பூனை ஏதும் இல்லை எனச் சங்கம் உரிய சோதனைகளின் பேரில் சான்றளிக்கிறது." கீழே பெரியண்ணனின் கையெழுத்து, இந்த முறை சிறிதாக இருந்தது. முதல் தடவை படித்துவிட்டுச் சுகுணா சிரித்தாள். இரண்டாம் தடவை படித்துவிட்டு அழுதாள். பிறகு கடைவீதிக்குப் போய்க் கண்ணாடிச் சட்டம் போட்டு வந்து, கூடத்தில் வாசலுக்கு நேராக மாட்டினாள். களி அன்று மாலை அந்தச் சட்டத்துக்குக் கீழே இருந்த அலமாரியைத் தன் புது இடமாக வைத்துக்கொண்டது.

பதினான்காம் நாள் காலையில் யாரோ வாசலில் மெதுவாகக் கூப்பிட்டார்கள். பெரியண்ணன். தனியாக வந்திருந்தார். சுகுணா வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் வீடு துடைத்து முடித்திருந்தாள். தரை இன்னும் ஈரம். பெரியண்ணன் அந்த ஈரத்தைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். இரண்டையும் சேர்த்து ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"உக்காருங்கய்யா. காபி போடட்டுங்களா?"

"வேணாம்மா. ஒரு ஒத்தாசை கேட்டு வந்தேன்." குரலில் கூட்டத்துச் செருமல் இல்லை. "நாளைக்குத் தவணை முடியுது. பூனையக் கொண்டாந்து ஒப்படைக்கணும்கறான் மாயவன். இல்லாட்டி நாற்காலிய வுட்டு எறங்கணும். பூனைக்கு எங்க போறது? ஊரு பூரா தேடிட்டேன், இந்த நகர்ல பூனையே இல்ல. நாமதான் எல்லாத்தயும் தொரத்திட்டமே." குரலை இன்னும் தாழ்த்தினார். "உன் பூனையக் குடும்மா. எலியும் ரெண்டு நாள்ல அடங்கும். அப்பறம் கூட்டத்துல காட்டிட்டு..."

"காட்டிட்டு?"

பெரியண்ணன் கையை உடம்போடு ஒட்டிக்கொண்டார். அவருடைய கக்கத்தில் மடித்து வைத்த சாக்கு ஒன்று இருந்தது. சங்கச் செலவில் வாங்கியது.

சுகுணா அந்தச் சாக்கைப் பார்த்தாள். படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்த அந்த மாலை ஞாபகம் வந்தது. இப்போது அவ்வளவு நேரம் ஆகவில்லை.

"பூனையா? எங்க வூட்ல ஏதுங்க பூனை?"

சுவரைக் கைகாட்டினாள். பெரியண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சான்றை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார். முத்திரையைப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார். அவருடையதுதான்.

"பூனை உங்க வூட்லதாங்க இருக்குது. தீர்மானம் பதினாலு" என்றாள் சுகுணா. பொய் சொன்ன உறுத்தல் கொஞ்சமும் இல்லாததில் அவளுக்கே ஆச்சரியம். பையிலிருந்து எலிக்காய்ச்சல் பற்றிய துண்டறிக்கை ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "மூட்டையெல்லாம் எடுத்துட்டு பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுங்க. செத்தது எதையும் வெறுங்கையில தொடாதீங்க. காய்ச்சல் வந்தா ஒடனே வந்து பாருங்க."

அலமாரியிலிருந்து களி இறங்கி வந்தது. முதுகை நீட்டி நெளித்தது. பெரியண்ணனின் காலை ஒருமுறை சுற்றி, வெள்ளை வேட்டியின் கரையில் முகத்தைத் தேய்த்து, பக்கவாட்டைத் தேய்த்து, வாலையும் தேய்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

"அப்ப இது?" என்றார் பெரியண்ணன்.

"எதுங்க?"

பெரியண்ணன் அலமாரியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். முப்பத்தொரு வருட சர்வீசில் கோப்பு ஒன்று சொல்லி, கண் வேறொன்று சொன்னபோதெல்லாம் அவர் ஒருமுறைகூடக் கண்ணை நம்பியதில்லை.

"ஒண்ணுமில்லம்மா" என்றார்.

வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு, சாக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். இரண்டு நாள் கழித்து நடந்த கூட்டத்துக்கும் அதே வேட்டியைத்தான் கட்டியிருந்தார். தலைவரின் வேட்டிக் கரையில் களி நிறத்தில் மூன்று முடிகள் ஒட்டியிருப்பதை மாயவன் கண்டார். எடுத்து உறையில் போட்டு ஒட்டி, சான்று எண் இரண்டு என்று எழுதி, போண்டா வருவதற்குள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டார்.